அபூ ராஷிதின் துப்பாக்கியை விற்ற வாரம்

இர்ஃபான், அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வரி பேசுவதற்குள் நீ நாலு தடவை "சரி வாப்பா" சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாய். அங்கே யான்புவில் உனக்கு டூட்டி முடிகிற நேரத்தில் இங்கே ராஸ் அல் கைமாவில் எனக்குக் கண் சொருகிவிடும். அதனால் எங்கள் ஷூட்டிங் கிளப் ஸ்டோரில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழுவதையும் படி. நடுவில் கோபம் வரும். வந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து படி.

சுற்றி வளைக்காமல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் நிக்காஹுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உனக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு, இப்போதும் தினம் ஒரு மாத்திரை போடுகிறாய் என்பதைச் சுமையா வீட்டில் சொல்லிவிட்டதாக உன்னிடம் சொன்னேன் இல்லையா? நான் சொல்லவில்லை. அவள் வாப்பாவுக்கும் தெரியாது, உம்மாவுக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

அன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஷார்ஜாவில் அவர்கள் வீட்டுக்குப் பெரியவாப்பாவும் நானும் பேசப் போனபோது, சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சொல்லாவிட்டால் பெண் பார்க்க வரமாட்டேன் என்று நீ கறாராகச் சொல்லியிருந்தாய். ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்ததும் எனக்கு ஊரில் நம் முதல் சம்பந்தம் நினைவுக்கு வந்துவிட்டது. அங்கே நான் விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் பாதி டீயில் எழுந்து, "நாங்க வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அன்று உன் முகம் இருந்த இருப்பை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அது இன்னொரு தடவை வேண்டாம் என்று மனசு சொல்லியது. பேச்சு வேறெங்கோ போனது, டீ முடிந்தது, சலாம் சொல்லி எழுந்துவிட்டோம். பஸ் ஏறியதும் உனக்குப் போன் போட்டு, "சொல்லிட்டேன், ஒண்ணும் பரவாயில்லன்னுட்டாங்க" என்றேன். நீ அல்ஹம்துலில்லாஹ் என்றாய். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகும் திருத்திச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று வேண்டியிருந்தது. நீ லீவில் வந்து அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த பிறகு, உன் வலது உள்ளங்கையில் இருக்கும் தழும்பு என்ன என்று சுமையாவின் உம்மா என்னிடம் விசாரித்தார். சைக்கிளில் விழுந்தான் என்றேன். அவ்வளவு சரளமாக வந்தது. அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உனக்கே சரியாகத் தெரியாது. உனக்கு ஏழு வயது, நான் ஊருக்கு லீவில் வந்திருந்தேன். கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாய். அக்கம்பக்கம் எல்லாம் ஓடிவந்து, இரும்பைக் கையில் கொடு, இரும்பைக் கொடு என்று கத்தினார்கள். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே. நான் பீரோ சாவிக்கொத்தை எடுத்து உன் கையில் திணித்து, உன் விரல்களை என் இரண்டு கையாலும் இறுக்கி மூடினேன். உனக்கு இழுப்பு தானாக நின்றபோது சாவி உள்ளங்கையைக் கிழித்திருந்தது. மூன்று தையல். டாக்டர் திட்டினார் பார், அந்தத் திட்டு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. நோயால் உனக்கு ஒரு காயமும் இல்லை, காயம் வாப்பா கொடுத்தது.

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்பாய். ஒரு துப்பாக்கியை விற்கப் போய் நான் மாட்டிக்கொண்டேன். சிரிக்காதே, நடந்தது அதுதான்.

அபூ ராஷிதை உனக்குத் தெரியும். நீ பத்தாவது படித்த வருஷம் விசிட்டில் வந்தபோது, உனக்கு ஒட்டகப்பால் வாங்கிக் கொடுத்து, குடித்து முடிக்கிறவரை எதிரே நின்று ரசித்தாரே, அந்த அரபிக் கிழவர்தான். எங்கள் கிளப்பின் பழைய மெம்பர். அவரிடம் கையாலேயே செய்த ஒரு நீளத் துப்பாக்கி இருந்தது, அட்டையில் குறிபார்த்துச் சுடும் போட்டிக்கென்றே செய்தது. வெளிநாட்டில் ஒரு கைவினைக்காரரிடம் சொல்லிவைத்து, மூன்று வருஷம் காத்திருந்து, எல்லா பேப்பரும் முடித்துக் கொண்டுவந்தார். இந்தக் காலத்துத் தோட்டாவெல்லாம் அதற்கு ஆகாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியில் பொதிந்த ஈய உருண்டையைக் கம்பால் தள்ளி இறக்க வேண்டும். விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் ஒரு உருக்குத் தகட்டில் உரசும், பொறி பக்கத்திலிருக்கும் சின்னக் கிண்ணத்தில் விழும், அங்கே இருக்கும் சிட்டிகை மருந்து பற்றி, ஊசி நுழைகிற அளவு ஒரு துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். இவ்வளவும் சேர்ந்து ஒரு கண் சிமிட்டல்தான். அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கல் தேய்ந்தால் புதுக்கல் மாட்டிப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டது நான்.

அந்தப் பதினோரு வருஷத்தின் முதல் வருஷத்திலேயே நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். செராமிக் கம்பெனி ஸ்டோரிலிருந்து கிளப்புக்கு மாறி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கோடையில் அபூ ராஷித் வெளிநாடு போயிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால் குழல் முழுக்க ஒரே பழுப்பு. கடல் காற்றில் துருப்பிடித்துவிட்டது, மனிதர் வந்தால் என் வேலைக்கு உலை வைத்துவிடுவார் என்று பயந்து, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு சாண் நீளம் பளபளவென்று வெள்ளையாக வந்தபிறகு, பக்கத்தில் நின்ற ஒரு பாகிஸ்தானி பாய் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அது துரு இல்லையாம். செய்தவர் வாரக்கணக்கில் ஈரத்தில் வைத்து வைத்து, வேண்டுமென்றே ஏற்றிய நிறமாம். பழைய காலத்துத் துப்பாக்கிக்கு அதுதான் அழகாம். எதையும் பளபளப்பாக்கினால்தான் விலை போகும் என்று நினைக்கிற நம் ஊர்ப் புத்தி செய்த வேலை. அவர் திரும்புவதற்குள் உப்புத்தண்ணீரும் ஈரத்துணியுமாக ஒரு மாசம் போராடி, எப்படியோ அந்த இடத்தைப் பழுப்பாக்கினேன். ஆனால் நிறம் முழுசாக ஒட்டவில்லை. இடது பக்கம், அடியில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு சாண் மட்டும் கொஞ்சம் செம்மையாகத் தெரியும். அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் அவர் என்னைக் கூப்பிட்டு, கை நடுங்குகிறது, இனி இதைப் பிடிக்க முடியாது, ஷெல்ஃபில் தூங்குவதைவிட யாராவது சுடட்டும், விற்றுக் கொடு என்றார். விற்கிற உரிமை எனக்கு ஏது? வெளிநாட்டுக்காரன் நான், அதைத் துடைக்கலாம், எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான். லைசென்ஸ் மாற்றுவது, போலீஸில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதற்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. நானே உட்கார்ந்து எழுதினேன், நானே போட்டோ எடுத்தேன். ஐந்து போட்டோ, ஐந்தும் வலது பக்கம். கல்லும் விசையும் அந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் மலைப்பக்கத்திலிருந்து ஸாலிம் என்று ஒருவர் பார்க்க வந்தார். இந்த நாட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பேச்சும் அப்படியே கணக்காக இருந்தது. கட்டையைத் தடவிப் பார்த்தார், தோளில் வைத்துப் பார்த்தார், விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அரபியில் அவர் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்: "இதுக்குக் கெட்ட பழக்கம் என்ன?"

இருபது வருஷமாக இந்த நாட்டில் பழைய சாமான் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு உற்சாகமாகிவிட்டது. இப்படிப்பட்ட ஈரமான காலையில் சில சமயம் கிண்ணத்து மருந்து மட்டும் பற்றும், உள்ளே இருப்பது பற்றாது என்றேன். புஸ் என்று ஒரு புகை வரும், வெடிக்காது. அந்த நேரத்தில் பயந்து துப்பாக்கியைத் திருப்பாதீர்கள், குழலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள், கீழே போடாதீர்கள். குறிபார்த்த பக்கமே பிடித்துக்கொண்டு அறுபது வரை எண்ணுங்கள். உள்ளே ஒரு பொறி தாமதமாக ஊர்ந்துகொண்டிருக்கலாம். பதறாமல் நின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, தெரியாமல் எதையாவது செய்தால்தான் ஆபத்து. இவ்வளவும் நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சொல்லிக்கொண்டே இருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன், இர்ஃபான். முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், ஒரு மரக்கட்டையும் இரும்புமான சாமானுக்கு, அது மக்கர் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறேன். என் பிள்ளையோடு ஆயுசு முழுக்க ஒரே வீட்டில் இருக்கப் போகிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் நீ அவள் முன்னால் சரிந்து விழுந்தால் அவள் என்ன செய்வாள்? நான் செய்ததைத்தான் செய்வாள். பதறி, அழுது, யாராவது எதையாவது கத்தினால் அதைத் தேடி ஓடுவாள்.

அந்த வேகத்திலேயே துப்பாக்கியைத் திருப்பி இடது பக்கத்தைக் காட்டினேன். இந்த ஒரு சாண் நிறம் செய்தவருடையது இல்லை, நான் கெடுத்தது என்று சொன்னேன். அவர் வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் மெதுவாக வைத்துவிட்டு, இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார். வாங்க வந்தவர் அந்தக் குரலில் அதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அபூ ராஷிதிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். பெரிய மனசோடு தோளில் தட்டிக்கொடுப்பார் என்று ஒரு ஆசை இருந்தது. மனிதர் கொதித்துவிட்டார். குழல் கெட்டது கூட அவருக்குப் பெரிதில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அந்தச் செம்மையான இடத்தைக் காட்டி, பாருங்கள், கையால் செய்ததற்கு அடையாளம், மெஷினில் இப்படி வராது என்று பதினோரு வருஷமாகப் பெருமையடித்திருக்கிறார். என்னை எத்தனை பேர் முன்னால் முட்டாளாக்கிவிட்டாய் என்று கத்தினார். இரண்டு நாள் என் சலாமுக்கு முனகல்தான் பதில். எனக்கு வலித்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் பெட்டியைத் திறக்கும்போது எனக்குக் கை கூசவில்லை. பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை.

புதன்கிழமை ஸாலிம் திரும்பி வந்தார். சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அபூ ராஷிதும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று முறை சுட்டதில் ஒரு முறை நான் சொன்ன மாதிரியே புஸ் என்றது. ஸாலிம் அசையாமல் நின்று அரபியில் அறுபது எண்ணி முடித்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அந்த நிறத்தை நீ சொல்லாம இருந்திருந்தா, மத்ததெல்லாம் விக்கிறதுக்காகச் சொன்னதுன்னு நெனச்சிருப்பேன்" என்றார். "இப்ப நீ நல்லதுன்னு சொன்னதையும் நம்புறேன்." கலாஸ், வியாபாரம் முடிந்தது. விலை கொஞ்சம் குறைந்தது, அபூ ராஷித் முறைக்க வேண்டிய அளவு முறைத்துவிட்டுச் சரி என்றார். காரில் ஏறும்போது கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஔர் கியா சுபாயா, பாய்?" என்று கேட்டார். இன்னும் என்ன மறைத்து வைத்திருக்கிறாய் என்று சும்மா சீண்டினார். நானும் சிரித்து வைத்தேன். சிரித்துவிட்டு ஸ்டோருக்குள் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அஸர் தொழுதுவிட்டு உன் உம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும், அந்தப் பஸ்ஸிலிருந்தே அவளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.  போன மாசம் நீ அவளிடம் சொன்னாயாமே, "அந்தப் புள்ள ஒரு நாள்கூட அதப் பத்திக் கேக்கல உம்மா, பெரிய மனசு" என்று. அதை அவள் அன்றைக்கே என்னிடம் அப்படியே ஒப்பித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அவளை எதற்காக இவ்வளவு மதிக்கிறாயோ, அது அவள் செய்யாத காரியம். கேட்காமல் இருப்பதற்கு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

இந்தப் புதன்கிழமைப் போனில், ஷார்ஜாவுக்குப் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்று நான் சொன்னதும் உம்மா முதலில் பயந்தாள். "இப்ப போயி சொன்னா நிக்காஹ் நின்னு போவும். ஊரு பூரா பேச்சாவும். நாளக்கி ரஹ்மாவ யாரு கேட்டு வருவா?" என்றாள். உன் தங்கச்சியை நினைத்து அவள் பயப்படுவது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், பெற்றவளுக்கு அந்தப் பயம் இருக்கும். மறுநாள் அவளே கூப்பிட்டாள். "சொல்லுங்க. ஆனா மொதல்ல அவன்ட்ட சொல்லுங்க. நீங்க பொய் சொன்னது அவங்ககிட்ட மட்டும் இல்ல." அதனால்தான் இந்தக் கடிதம். ஷார்ஜாவுக்கு முன்னால் யான்பு.

உனக்கு நோய் இருப்பதை நீ ஒரு நாளும் மறைத்ததில்லை. ரூமில் புதிதாக ஆள் வந்தால் முதல் நாளே சொல்லிவிடுகிறாய், மாத்திரையை எல்லோர் முன்னாலும் போடுகிறாய். காலேஜ் இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு உனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வெட்கப்பட்டது நான்தான். உனக்காக வெட்கப்படுவதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு, வாப்பா தப்புச் செய்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஷார்ஜாவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். பொய் சொன்னது நான், பிள்ளைக்கு அதில் பங்கில்லை, அவன் சொல்லச் சொன்னான், நான்தான் விழுங்கிவிட்டேன் என்று அவர்கள் வீட்டு ஹாலில், அதே சோஃபாவில் உட்கார்ந்து சொல்வேன். பெரியவாப்பாவைக் கூட்டிப் போகமாட்டேன், அவர் நடுவில் பூசி மெழுகிவிடுவார். ஆனால் இது உன் உடம்பு, உன் வாழ்க்கை. சுமையாவிடம் முதலில் நீயே பேச வேண்டும் என்று நினைத்தால் பேசு, உனக்குப் பின்னால் நான் போகிறேன். எப்படி என்பதை நீ முடிவு செய். சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் உன்னிடம் கேட்கவில்லை, அதில் நீ எப்போதோ பதில் சொல்லிவிட்டாய்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பாரம் என் தலையில், உன் தலையில் இல்லை. ஆனால் எனக்கு என்னவோ நம்பிக்கை இருக்கிறது, மகனே. ஸாலிம் கெட்ட பழக்கம் என்ன என்று கேட்டது, வாங்கிப் போய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததால்தான். சுமையாவும் கேட்கிற பெண். நான் போன அன்று எல்லோருக்கும் ஒரே மாதிரி டீ வந்தது, அவள் மட்டும் கதவருகே நின்று, "மாமா, உங்களுக்குச் சீனி போடலாமா?" என்று கேட்டாள். பிறகு என் வேலை என்ன என்று தெரிந்ததும், துப்பாக்கி எப்படி வெடிக்கும் என்று கேட்டாள், மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். கிண்டர்கார்டனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள், சட்டென்று பதறுகிற ரகமாக எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பெரிய மனசு என்று நீ சொன்னது சரியாகவே இருக்கலாம், அதைக் காட்ட அவளுக்கு நாம் இன்னும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

அவளிடம் கொடுக்க ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை அனுப்பினால்தான் எடுத்துப் போவேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: அவன் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வை. கழுத்துப் பட்டனைத் தளர்த்திவிடு. கையிலோ வாயிலோ எதையும் திணிக்காதே, யார் கத்தினாலும் கேட்காதே. கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் மட்டும் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. அவனுக்கு அவ்வளவு நேரம் போனதே இல்லை. கண்ணைத் திறந்ததும் முதலில் மணி என்ன என்றுதான் கேட்பான், எப்போதும் அதைத்தான் கேட்பான். அழாமல் மணியைச் சொல்லம்மா, அது போதும் அவனுக்கு.